ஏபிசியைக் கழற்றிவிட்டு காயில்ஓவர் போட்ட எஸ்எல் 500: இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

வண்டி மெர்சிடிஸ் எஸ்எல் 500. 2003 மாடல், ஆர்230 தலைமுறை, 5 லிட்டர் வி8. லண்டனில் ஓடுகிறது. அதனோடு வந்த ஏபிசி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு சாதாரண காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் செட்) போட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாட்டிய சூட்டோடு எழுதினால் புது மோகத்தில் எழுதியதாகிவிடும் என்று விட்டு வைத்திருந்தேன். வெயில், மழை, உப்பு தூவிய குளிர்கால ரோடு, ஸ்காட்லாந்து வரை ஒரு நீண்ட பயணம் என்று எல்லாவற்றிலும் ஓட்டியாயிற்று. இனி எழுதலாம்.

முதலில் ஏபிசிக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் என்பது அதன் முழுப்பெயர். 1999-ல் சிஎல் கூபேயில் முதலில் வந்தது, 2001-ல் இந்த எஸ்எல்லுக்கு வந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு ஸ்பிரிங், அதன் தலைமாட்டில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரை பார்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த 200-இன் கனம் புரியும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் அந்தப் பக்கத்து சிலிண்டருக்கு ஆயில் போய் ஸ்பிரிங்கை அமுக்கி வண்டியை நேராக நிறுத்தும். பிரேக் பிடித்தால் மூக்கு குனியாது. இதனால் இந்த வண்டியில் ஆன்டி-ரோல் பாரே (வளைவில் சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களைப் பிணைக்கும் கம்பி) கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

இந்த மாதிரி சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஃபார்முலா ஒன்னில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 1992-ல் நைஜல் மான்செல் பட்டம் வென்ற வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி ஓடியது ஆக்டிவ் சஸ்பென்ஷனில்தான். 1994-லிருந்து அதைத் தடையே செய்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட சங்கதியைத் தெருவில் ஓடும் காரில் வைத்தது சாதாரண வேலை இல்லை.

அப்புறம் ஏன் கழற்றினாய் என்றால், வயசு. இருபது வருஷம் தாண்டிய ரப்பர் ஹோஸ், ஆயில் அழுத்தத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இருபது வருஷம் தாண்டிய நைட்ரஜன் குண்டு, எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் எப்போது மாற்றினார்கள் என்று எந்த பில்லிலும் இல்லாத ஆயில். இந்த சிஸ்டத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் ஒழுங்காக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டுக்குள் இருக்கும் சவ்வு காலப்போக்கில் நைட்ரஜனை விட்டுவிடும். அது போனால் அழுத்தத்தில் ஏற்படும் அதிர்வு முழுக்க ஹோஸ் மேலும் பம்ப் மேலும் விழும். என் வண்டியில், சிலிண்டர்களுக்கு ஆயிலைத் திறந்து அடைக்கும் வால்வு பிளாக் உள்ளுக்குள்ளேயே கசிய ஆரம்பித்திருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் பின்பக்க இடது மூலை தரையைப் பார்த்துப் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்து நிற்கும். அதோடு இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். பம்பிலிருந்து வரும் பிரஷர் ஹோஸ் நெடுஞ்சாலையில் வெடித்து, பச்சை ஆயில் முழுக்க பானெட்டுக்குள் தெறித்து, டயலில் சிவப்பாக ‘ஸ்டாப், கார் டூ லோ’ என்று வந்த பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணக்கு எளிது. ஹோஸ் ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் எது என்று காத்திருக்க வேண்டும். முழுவதையும் புதுப்பித்தால், அதாவது நாலு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சிலிண்டரும் சேர்ந்த தூண்), இரண்டு வால்வு பிளாக், குண்டுகள், ஹோஸ்கள், பம்ப் என்று போனால், வண்டியை வாங்கிய விலையைத் தொட்டுவிடும். இந்த எஸ்எல்கள் இங்கே இன்று ஒரு நடுத்தர ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பாகங்களின் விலை வண்டி புதிதாக இருந்தபோது எந்த வகுப்பில் இருந்ததோ அதே வகுப்பில்தான் இருக்கிறது. காயில்ஓவர் செட் முழுவதும், ஃபிட்டிங் கூலி சேர்த்து, ரீகண்டிஷன் செய்த இரண்டு ஸ்ட்ரட்டும் ஒரு பம்பும் வாங்கும் காசுக்குள் முடிந்தது.

வேலை பற்றி. ஸ்ட்ரட்டைக் கழற்றி புதியதை மாட்டுவது பெரிய விஷயம் இல்லை, ஹைட்ராலிக் லைனைத் திறக்கும் முன் அழுத்தத்தை முழுசாக இறக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆபத்தான இடம். 200 பாரில் ஆயில் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். இதை வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துச் செய்யாதீர்கள்.

பம்ப்தான் யோசிக்க வேண்டிய இடம். இது ஒரே உடம்பில் இரண்டு பம்ப். ஒரு பாதி ஏபிசிக்கு, மறு பாதி பவர் ஸ்டீயரிங்குக்கு. எடுத்துத் தூக்கிப் போட முடியாது. ஏபிசி பாதியை ஆயில் இல்லாமல் சுற்ற விட்டால் உள்ளே தேய்ந்து ஸ்டீயரிங்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும். எனக்குச் செய்தது இதுதான்: பம்பின் வெளியேற்றத்தை நேராக ரிட்டர்ன் லைனில் இணைத்து ஒரு வட்டமாக்கிவிட்டார்கள். ஆயில் அழுத்தம் ஏதும் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஏபிசி இல்லாத வண்டியில் நான் இன்னமும் ஏபிசி டேங்கின் குச்சியை இழுத்து அளவு பார்க்கிறேன், அதே விலை கூடிய பச்சை ஆயிலை ஊற்றுகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆயில் இப்போது கறுப்பதும் இல்லை, குறைவதும் இல்லை.

டயலில் வரும் எச்சரிக்கையை அடக்க செட்டோடு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். அது எல்லாம் சரியாக இருப்பதுபோல் கம்ப்யூட்டருக்குக் காட்டிவிடும். டாஷ்போர்டில் வண்டியை உயர்த்தும் பட்டன் அப்படியே இருக்கிறது. அமுக்கலாம், ஒன்றும் நடக்காது.

சரி, ஓட்டம் எப்படி?

இங்கேதான் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். ‘ஏபிசி மெத்தை மாதிரி, காயில்ஓவர் கட்டை வண்டி மாதிரி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி இல்லை. ஏபிசி கவனித்துக்கொள்வது ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐந்து முறை, வரையிலான அசைவைத்தான். உடம்பு மேலும் கீழும் மிதப்பது, வளைவில் சாய்வது, பிரேக்கில் குனிவது எல்லாம் நொடிக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும் மெதுவான அசைவுகள். அதில் ஏபிசியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பள்ளத்தின் கூரான விளிம்பில் சக்கரம் படக்கென்று அடிபடுவது அதைவிட வேகமான விஷயம். அதை ஏபிசி வண்டியிலும் ஸ்பிரிங்கும் ஷாக்கும்தான் வாங்குகின்றன. என் வண்டியில் அந்தப் பழைய ஷாக்குகள் களைத்துப் போயிருந்தன. அதனால் லண்டன் தெருக்களின் ஒட்டுப்போட்ட தார், மேன்ஹோல் மூடி, குழாய் தோண்டி மூடிய குறுக்குக் கோடு இவற்றின் மேல் போகும்போது இன்றைய காயில்ஓவர் பழையதைவிட மோசமே இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தேவலை. முன்பு ‘டக்’ என்று கேட்ட இடத்தில் இப்போது ‘தப்’ என்று அமுங்குகிறது.

இழந்தது வேறு இடத்தில். மோட்டார்வேயில் 70 மைலில் போகும்போது நீண்ட அலை போன்ற ஏற்ற இறக்கம் வரும், பாலத்தின் இணைப்பு தாண்டியதும் வரும் மாதிரி. முன்பு அது இருந்ததே தெரியாது. இப்போது வண்டி ஒரு தடவை எழுந்து ஒரு தடவை உட்கார்கிறது. ரவுண்டானாவில் முன்பு தட்டையாகத் திரும்பியது, இப்போது சாய்கிறது. ஆன்டி-ரோல் பார் இல்லாததை அங்கேதான் உணர்வீர்கள். அதை ஈடுகட்டத்தான் இந்த செட்டுகளில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகவே கொடுக்கிறார்கள். கடினத்தைக் குறைத்தால் சாயும், கூட்டினால் உலுக்கும். 1,800 கிலோவைத் தாண்டும் வண்டியில் பார் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை வைத்து இரண்டையும் சரிக்கட்டுவது நடக்காத காரியம். ஏதோ ஒரு பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் சாய்வுக்கு விட்டுக்கொடுத்தேன். என் முதுகு ஐம்பதைத் தாண்டியது, ரேஸ் டிராக்குக்குப் போகும் எண்ணமும் இல்லை.

ஷாக்கின் தலையில் இருக்கும் குமிழைத் திருப்பி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வந்தபோது நடுவில் வைத்திருந்தார்கள். முன்பக்கத்தை அதிலிருந்து கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத்தை அப்படியே விட்டதும் வண்டி அமைதியானது. ஒரு நேரத்தில் ஒரு ஆக்சிலை மட்டும் மாற்றுங்கள். அதே ரோட்டில், அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது.

உயரம் இன்னொரு சண்டை. காயில்ஓவர் என்றாலே வண்டியைத் தரையோடு தேய்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம் நினைக்கிறது. எஸ்எல்லின் மூக்கு ஏற்கெனவே நீளம். ஏபிசி இருந்தபோது ஸ்பீட் பிரேக்கர் முன்னால் பட்டனை அமுக்கி ஏற்றிக்கொள்ளலாம். அந்த வசதி போனபின், ஏபிசியின் வழக்கமான உயரத்தைவிடக் கொஞ்சம் மேலேயே வைக்கச் சொன்னேன். பார்க்க அழகு ஒரு மாற்றுக் குறைவுதான். மாடிக் கார் பார்க்கின் சரிவில் அடி உரசும் சத்தம் கேட்பதில்லை, அது போதும். உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் மாறும். இரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட்டும் உடனே செய்யக் கூடாது, ஸ்பிரிங் ஓடி அமர்ந்த பிறகுதான்.

சத்தம் பற்றி ஒரு சம்பவம். மாட்டிய ஒர்க்‌ஷாப் பெயர் வேண்டாம். வண்டியை எடுத்த சில வாரத்தில் மெதுவான வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் வலதில் ‘கொட்டு, கொட்டு’ என்று கேட்டது. காயில்ஓவர் என்றால் அப்படித்தான் சார், பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. வேறொருவரிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் மேல் நட்டில் விரலை வைத்துக்கொண்டு, என்னை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த நட்டு விரலுக்கடியில் துள்ளியது. வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டியதைத் தூக்கிய நிலையிலேயே இறுக்கி விட்டிருக்கிறார்கள். கீழே இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் இறுக்கியதோடு சத்தம் போயிற்று. அதற்கு அவர் காசுகூட வாங்கவில்லை. ஆகவே ‘காயில்ஓவர் என்றால் சத்தம் வரும்’ என்று யாராவது சொன்னால் முதலில் அந்த நட்டைப் பாருங்கள்.

இந்த ஊர்க் குளிரில் பெரிய எதிரி உப்பு. உயரம் மாற்றும் மரை முழுவதும் திறந்தவெளியில் இருக்கிறது. முதல் குளிர்காலம் முடிந்ததும் அந்த மரையில் சுற்றி உயரத்தை மாற்றும் பின்பக்க வளையங்கள் (காலர்கள்) இரண்டும் அசைய மறுத்தன. துரு நீக்கும் எண்ணெய் அடித்து, இரவு ஊற வைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் சுற்றின. இப்போது குளிர் தொடங்கும் முன் மரையைக் கழுவி, காயவைத்து, கெட்டியான கிரீஸ் பூசிவிடுகிறேன். ஏபிசியில் இந்த வேலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சஸ்பென்ஷன் மாற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். சிலர் பிரீமியம் கூட்டினார்கள், ஒருவர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார், பழைய வண்டிகளுக்கென்று இருக்கும் பாலிசி ஒன்றில் பெரிய வித்தியாசம் இல்லாமல் முடிந்தது. வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையில் ஷாக் கசிகிறதா, ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், பாஸ்.

யாராவது ஏபிசி நன்றாக வேலை செய்யும், பராமரிப்புப் பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஆர்230 வைத்துக்கொண்டு, பயத்தில் மட்டும் மாற்றலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். குண்டுகளை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாக்கி, ஹோஸ்களை ஒரு முறை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அந்தத் தட்டையான திருப்பத்தைக் காயில்ஓவர் திருப்பித் தராது. 2012-ல் வந்த அடுத்த எஸ்எல்லில் கம்பெனியே மின்னணு ஷாக்கைப் பொதுவாகக் கொடுத்து ஏபிசியைக் கூடுதல் விருப்பமாக வைத்தது. வேண்டும் என்கிறவர் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. என் வண்டி மாதிரி ஏற்கெனவே நாலாபக்கமும் கசிந்து நிற்பதற்குத்தான் இந்த வழி.

கழற்றிய ஸ்ட்ரட்டுகளை லைன் வாயை அடைத்து நட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். ரீகண்டிஷன் செய்பவர்கள் பழையதை விலைக்கு எடுக்கிறார்கள், வாங்கும் அடுத்தவர் ஏபிசியே வேண்டும் என்றாலும் பயன்படும். அடுத்த வேலை, ஸ்டீல் ஸ்பிரிங்கோடு வந்த எஸ்எல் 350-இன் ஆன்டி-ரோல் பாரை இதில் மாட்ட இடமிருக்கிறதா என்று பார்ப்பது. பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் முன்பக்கத்துப் பார் பிராக்கெட்டோடு ஒன்று இருக்கிறதாம், வரும் வாரம் போய் அளந்து பார்க்க வேண்டும்.