மல்டிஃபோட்டானா, டனலிங்கா? ஆக்சிஜன் சொல்லும் பதில்

வேலூர்ப் பக்கத்து எம்.எஸ்சி. வகுப்பில், தீவிர லேசரில் வாயு எப்படி எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது என்று கேட்டால், பாதிப் பேர் மல்டிஃபோட்டான் என்பார்கள், மீதிப் பேர் டனலிங் என்பார்கள்.

எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் தடைக்கு நம்ம கோட்டை மதிலையே வைத்துப் பார்க்கலாம். பல ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) விழுங்கி எலக்ட்ரான் படிப்படியாக ஏறித் தாண்டுவது மல்டிஃபோட்டான். 800 நானோமீட்டர் லேசரில் ஒரு ஃபோட்டானுக்கு 1.55 எலக்ட்ரான் வோல்ட், நைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 15.58 வேண்டும், அதாவது குறைந்தது 11 ஃபோட்டான். 11 ஃபோட்டான் என்பதால், ஒளிச்செறிவை இரட்டித்தால் அயனியாக்கம் 2¹¹, அதாவது 2,048 மடங்கு ஏறும். லேசரின் மின்புலம் மதிலையே மெலிதாக்கி, எலக்ட்ரான் ஊடே கசிந்தால் டனலிங். அதற்கு, புலம் திசை மாறுவதற்குள் கசிய நேரம் கிடைக்க வேண்டும். இந்த அலை ஒரு சுற்று முடிக்க 2.7 ஃபெம்டோ நொடிதான்.

1964-ல் இயற்பியலாளர் கெல்டிஷ் இரண்டையும் ஒரே எண்ணால் பிரித்தார். அது 1-ஐ விட மிகப் பெரிதானால் மல்டிஃபோட்டான், சிறிதானால் டனலிங். நைட்ரஜனுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 10¹³ வாட்டில் 3.6, 4×10¹⁴-ல் 0.57. 10¹⁴-ல் 1.1 வருகிறது, அங்கே எந்தப் பக்கமும் முழுசாக ஜெயிக்காது. செறிவு கூடக் கூட என் ஓட்டு டனலிங்குக்கே.

ஆனால் மூலக்கூறு என்று வந்தால் அணுவுக்கான டனலிங் கணக்கு போதாது. எலக்ட்ரானைப் பிடுங்க ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 12.07 எலக்ட்ரான் வோல்ட், செனான் அணுவுக்கு 12.13. "அப்படின்னா ரெண்டும் ஒண்ணாத்தானே சார் அயனியாகணும்?" என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சோதனையில் ஆக்சிஜன் செனானை விடப் பல மடங்கு குறைவாகவே அயனியாகிறது. நைட்ரஜனோ, ஏறக்குறைய அதே ஆற்றல் வேண்டிய ஆர்கான் அணுவை ஒட்டியே போகிறது.

காரணம் வெளி ஆர்பிட்டாலின், அதாவது வெளியேறும் எலக்ட்ரான் பரவியிருக்கும் மேகத்தின், வடிவம். கரும்பலகையில் வரைந்து பார்த்தால் சட்டெனப் புரியும். நைட்ரஜனில் எலக்ட்ரான் மேகம், இரு அணுக்களையும் இணைக்கும் அச்சின் நெடுகிலும் நீண்டிருக்கிறது. புலம் அந்தத் திசையில் இழுத்தால் எளிதாக வரும். ஆக்சிஜனில் நான்கு மடல்கள், அடுத்தடுத்து எதிர்க் குறிகள். அச்சின் மேலும் எலக்ட்ரான் இல்லை, அச்சுக்குச் செங்குத்தான நடுத்தளத்திலும் இல்லை. இடைப்பட்ட சாய்கோணத்தில்தான் நன்றாகக் கசியும். இந்த வடிவத்தைச் சேர்த்து டாங், ஜாவ், லின் மூவரும் 2002-ல் தந்த கணக்கு ஆக்சிஜனின் பிடிவாதத்தை விளக்கிவிடுகிறது.

அப்புறம் ஃப்ளூரின். அதன் வெளி ஆர்பிட்டாலும் ஆக்சிஜனின் அதே வடிவம்தான், ஆகவே அதுவும் அடங்கியிருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது, அது, ஏறக்குறைய அதே ஆற்றல் வேண்டிய ஆர்கானுக்கு இணையாகவே அயனியானது.