கோத்தகிரி ஈரத்தில் லேஸ் பில்லோ: எல்லாம் சரி, அந்தக் குண்டூசிதான்...

"அக்கா, பில்லோ செட் விலை குறைச்சுப் போட்டிருக்கான், வாங்கட்டுமா?" கூடலூரிலிருந்து ஒரு தங்கச்சி வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட்டால் திட்டுதான் வரும். என்னிடமும் அதே செட்தான் இருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கையால் பின்னுவதுதான் பாபின் லேஸ். செட்டில் என்னென்ன வரும் என்று அதைப் போடுகிறவர்களுக்குத் தெரியும். வைக்கோல் இறுக்கி அடைத்த வட்ட பில்லோ, பாபின்கள் என்கிற அந்த மரக் குச்சிகள், பில்லோ மேல் வைக்கும் துளை குத்திய டிசைன் அட்டை, ஒரு டப்பா குண்டூசி. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் கடைசிச் சாமான் மேல்தான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாபின்கள் முதல் தரம். வருஷக்கணக்கில் புரட்டியும் ஒன்றுகூட சிலும்பு விடவில்லை, கழுத்தில் நூல் சிக்கியதில்லை. இந்த வேலையில் மொத்தமே இரண்டு அசைவுதான். நான்கு பாபினில் நடு இரண்டை எடுத்து இடதை வலதின் மேல் போட்டால் கிராஸ். ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் ட்விஸ்ட். கிராஸ், ட்விஸ்ட், கிராஸ் என்று போனால் நெய்த துணி போலவே அடர்த்தியாக வரும். கடைசி கிராஸை விட்டுவிட்டால் கண்ணி கண்ணியாக நிற்கும். கை பழகிவிட்டால் டிவி வேண்டாம், பாபின்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தமே போதும். பில்லோவும் நல்ல கனம், மடியை விட்டு நகராது.

நூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கர் கம்பெனியோ டிஎம்சி கம்பெனியோ, மெர்சரைஸ் செய்த (பளபளப்பு ஏற்றிய) பருத்தி நூல் எது கிடைத்தாலும் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். நூலை மாற்றினால் அட்டையையும் மாற்றுங்கள். 40-ம் நம்பர் நூலுக்குக் குத்திய அட்டையில் 80 போட்டால் லேஸ் தொளதொளவென்று வரும்.

இப்போது குண்டூசி. லேஸின் உடம்பில் முடிச்சே கிடையாது. நூல் திரும்பும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது குண்டூசிதான். ஓரத்துக்கு வைக்கும் நாடா லேஸ் என்றால் பின்னாலிருந்து பிடுங்கி முன்னால் குத்திக்கொண்டே போகலாம். கைக்குட்டை மூலை மாதிரி ஒன்று என்றால் அத்தனை ஊசியும் வாரக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டும். நிற்கும் காலம் ஐப்பசியாக இருந்தால் தீர்ந்தது கதை. ஊட்டிக்கு ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சு வீட்டுக்குள்தான் குடியிருக்கும்.

டப்பாவில் அச்சடித்திருப்பது "துருப்பிடிக்காத பித்தளை". ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டிக்கொள்கின்றன. பித்தளை எந்தக் காலத்தில் காந்தத்தில் ஒட்டியது? உள்ளே இரும்புக் கம்பி, மேலே மஞ்சள் முலாம். அட்டையில் ஏறி இறங்கும்போது முலாம் உரிந்துவிடும். வைக்கோலோ ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. பிடுங்கிப் பார்த்தால் மேல்பாதி தங்கம், கீழ்பாதி சொரசொரப்பான பழுப்பு. அந்தச் சொரசொரப்பு வெளியே வரும் வழியில் நூலையும் கிள்ளிக்கொண்டு வரும். வெள்ளை லேஸின் ஒவ்வொரு திருப்பத்திலும் கடுகளவு துரு வளையம் வேறு.

விற்றவர்களிடம் கேட்டதற்கு, "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று பதில் வந்தது. குளிர்ந்த இடம் வேண்டியமட்டும் இருக்கிறது சார். உலர்ந்த இடத்துக்கு மேட்டுப்பாளையம்தான் இறங்க வேண்டும்.

என் பெரியம்மா நாகர்கோவில் பக்கம். 1820-களில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா அம்மையார் கற்றுக்கொடுத்து வேர்விட்ட வேலை இது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் லேஸ் பின்னிய கூலியில் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று அந்தப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே கடல் காற்று, உப்பு வேறு. ஆனாலும் பெரியம்மா பில்லோவில் நான் துருவைப் பார்த்ததில்லை, காரணம் அசல் பித்தளை ஊசி. அது மட்டும் ரொம்ப யோக்கியம் என்று சொல்ல மாட்டேன், களிம்பு ஏறும். துடைத்தால் போய்விடும், அவ்வளவுதான்.

கறை பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, நன்றாக அலசுங்கள். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துவிடும். வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தை வரை காத்திருங்கள்.

(வீட்டுக்கு வருகிறவர்கள் பில்லோவைப் பார்த்ததும் "தோடர் வேலையா?" என்கிறார்கள். அது துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரி. இதற்குத் துணியே கிடையாது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

ஆக தங்கச்சி, வாங்காதே. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் பாபினுக்காக. கூடலூர் மழைக்கு முன்னால் எங்கள் ஐப்பசியெல்லாம் தூறல். நீ டாட்டிங் கற்றுக்கொள், கையிலேயே முடிச்சுப் போட்டுப் போட்டு வளையம் வளையமாகச் செய்யும் லேஸ். ஷட்டில் என்று நூல் சுற்றும் சின்னக் கருவி ஒன்று, ஒரு உருண்டை நூல், குண்டூசித் தொல்லை இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்தும் போடலாம். தப்பாகப் போட்ட வளையத்தைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

"அப்ப உங்க செட்டையாவது எனக்குக் குடுத்துடுங்களேன்" என்று அடுத்த மெசேஜ் வந்திருக்கிறது. அதெல்லாம் நடக்காது. புது கைக்குட்டைக்கு அட்டை குத்தியாகிவிட்டது, நாகர்கோவிலிலிருந்து பித்தளை ஊசி பார்சலில் வந்துகொண்டிருக்கிறது.