ரேநாக்ஸ் டிசிஆர்-250: கறிவேப்பிலைச் செடியும் ஏ4 தாளும்

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்க ஒன்பதரை ஆகிவிடும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் புறவாசல் கறிவேப்பிலைச் செடியில் பூச்சிப் படம் எடுப்பது எட்டு மாதப் பழக்கம். முதல் வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னய்யா, செடிக்கு ஊசி போடுதியா?” என்று கேட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பூச்சி மாதிரிச் சின்னதைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை. முதலில், இருக்கிற லென்ஸின் முகப்பில் மாட்டுகிற பூதக்கண்ணாடிகள், பவர் பிளஸ் 1, 2, 4, 10 என்று நாலு சேர்ந்து வந்த மலிவு செட் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. எந்த எறும்பை எடுத்தாலும் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். அதை மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் ரேநாக்ஸ் டிசிஆர்-250க்கு வந்தேன்.

இதுவும் லென்ஸ் முகப்பில் மாட்டுகிற பூதக்கண்ணாடிதான். ஆனால் உள்ளே மூன்று கண்ணாடி இருப்பதால் ஊதாத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. இரண்டு பக்கமும் அழுத்திச் செருகும் கிளிப்போடு வருகிறது. 52 முதல் 67 எம்எம் வரை ஃபில்டர் வாய் உள்ள லென்ஸ்களில் நிற்கும். 55 முதல் 250 எம்எம் வரை ஜூம் ஆகிற என் கேனன் 55-250க்கு வாய் 58. லென்ஸ் மூடியைப் போடுவது மாதிரி டக்கென்று உட்காரும். கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றும் வேலையே கிடையாது. சாரல் மாதங்களில் இது எவ்வளவு நிம்மதி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இதன் பவர் பிளஸ் 8. ஆயிரத்தை எட்டால் வகுத்தால் 125 மில்லிமீட்டர். லென்ஸ் ஃபோகஸை முடிவிலியில், அதாவது வெகுதூரத்துக்கு வைத்தால், பூச்சி கண்ணாடியிலிருந்து பன்னிரண்டரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஜூம் எங்கே இருந்தாலும் இதே தூரம்தான். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. ஜூமை 125க்கு வைத்தால் பூச்சி தன் நிஜ அளவிலேயே, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் விழும். 250க்கு இழுத்தால் இரண்டு மடங்கு.

நான் இழுத்தேன். முதல் மாதம் முழுக்க 250லேயே எடுத்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

காரணத்தை என் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். லென்ஸ் துவாரத்தை எஃப்/11 என்று சின்னதாக்கி 250 எம்எம்மில் எடுத்தால், படத்தில் கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் கனம். 125க்கு இறக்கினால் நாலு தாள் கனம் கிடைக்கும். ஒரு தாள் கனத்துக்குள் எறும்பின் கண்ணை நிறுத்தப் பார்ப்பதும், நாலு தாளுக்குள் நிறுத்தப் பார்ப்பதும் ஒன்றல்ல. புதிதாக வாங்குகிறவர்கள் 135க்கு மேலே போகாதீர்கள். பூச்சி கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வளையத்தைத் திருகவும் வேண்டாம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கவேண்டும். பூச்சியின் கண் கூர்மையாகிற நொடியில் மூச்சை அடக்கி அழுத்த வேண்டும். பத்துக்கு ஒன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள். ஆனி, ஆடிக் காற்றில் அதுவும் தேறாது. அப்போது பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, துணி காயப்போடுகிற கிளிப்பால் கொப்பை அதோடு பிடித்துவைப்பேன்.

கண் என்றதும் ஒரு கூத்து ஞாபகம் வருகிறது. கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு வரும். சின்னதில் காக்கா எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தபின் பச்சை. அதன் முன்பக்கத்தில் உருண்டையாகத் தெரிந்த ‘கண்’ மீது ஒரு வாரம் ஃபோகஸ் வைத்து எடுத்துத் தள்ளினேன். பெரிதாக்கிப் பார்த்தால் அது வெறும் புள்ளி, எதிரியை மிரட்டுகிற வேஷம். நிஜத் தலை அதற்குக் கீழே மடங்கி, இலையைக் கரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கேமராவை இலை மட்டத்துக்கு இறக்கினேன். மேலிருந்து எடுத்தால் புழு ஒரு பச்சைக் கோடு. பக்கவாட்டில், அதன் உடம்பு நீளத்துக்குக் கேமரா முதுகு இணையாக வரும்படி உட்கார்ந்தால், அதே நாலு தாள் கனத்துக்குள் தலை முதல் வால் வரை பெருமளவு அடங்கும். தலை பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். கிட்டப் போகிற ஆசையில் இலையை உரசிவிடாதீர்கள். புழு தலைக்குப் பின்னாலிருந்து பிளந்த கொம்பு ஒன்றை நீட்டும், வாடையும் வரும். அதுவும் நல்ல படம்தான், ஆனால் பாவம்.

வெளிச்சம் அடுத்த தலைவலி. எஃப்/11 வைத்தால் செடி நிழலில் ஷட்டர் நேரம் இழுத்துப் படம் கலங்கிவிடும், ஃபிளாஷ் இல்லாமல் கதையில்லை. நான் வைத்திருப்பது ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணர்கிற அளவு) 200, ஷட்டர் 1/200 நொடி, ஃபிளாஷ் மேனுவலில் முழு பவரில் 1/8. வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு எரியும். கடையில் கிடக்கும் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாக்கி, லென்ஸ் முனை வரை கூரை மாதிரி வளைத்து ஒட்டியிருக்கிறேன். செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. பின்னணி கன்னங்கரேலென்று போனால் பயப்பட வேண்டாம், ஃபிளாஷ் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை, அவ்வளவுதான். பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு வாழையிலைக் கிழிசலைப் பிடித்தால் பச்சை வந்துவிடும்.

ஃபிளாஷ் இல்லாமல் காலை வெயிலில் நந்தியாவட்டை எடுத்தால் வேறு பிரச்சினை. கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் நிறம் என்றே நினைக்கும். வெள்ளைப் பூ நீலம் போடாத பழைய வேட்டி மாதிரி வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பிளஸ் 1 கூட்டுங்கள். ஃபிரேம் நிறையக் கருவண்டு என்றால் மைனஸ் பக்கம் போங்கள்.

18-55 கிட் லென்ஸ் மட்டும் இருக்கிறவர்கள் இதை வாங்காதீர்கள். 18ல் மூலையெல்லாம் இருட்டி நடுவில் கிணறு மாதிரி வட்டம் தெரியும். 55ல், ஃபோகஸ் முடிவிலியில் இருந்தால், நிஜ அளவில் பாதிகூடக் கிடைக்காது. வண்ணத்துப்பூச்சி, தும்பிதான் ஆசை என்றால் இதன் தம்பி டிசிஆர்-150 போதும். பவர் 4.8, ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நின்று எடுக்கலாம், பறந்து போகாது. எறும்பு, குதிக்கும் சிலந்தி, முட்டை என்றால் 250.

என் ஜூம் வளையத்தில் 135ல் செலோ டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். எட்டு மாதமாகியும் கை தானாக 250க்குப் போகிறது, என்ன செய்ய.