பப்ளிஷர் தேடுறாக்களுக்கு ஸ்டீம் பேஜ்: 100 டொலர் குடுக்கலாமா?

திருகோணமலையில இருந்துகொண்டு கேம் செஞ்சு அதுக்குக் காசு போட்டு வெளியிட்டுத் தாற வெளிநாட்டுப் பப்ளிஷர் ஒருத்தரப் பிடிக்கலாமா எண்டு கம்பஸ் தம்பி தங்கச்சிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க, அதுக்காகத்தான் பிசி கேம் விக்கிற ஸ்டீம் எண்ட ஒன்லைன் கடையின்ட ஸ்டீம்வர்க்ஸ் பத்தி எழுதுறன், கேம் வாங்குற பக்கம் இல்ல, எங்களப்போல செய்றாக்கள் பாவிக்கிற பக்கம். என்ட முடிவ முதல்லயே சொல்றன், காசு தாராளமாக் குடுக்கலாம், ஆனா பப்ளிஷருக்கு மெயில் போடுறதுக்கு முதலே குடுங்க.

ஸ்டீம்ல கேம் போடுறதுக்கு 2017ல இருந்து ஸ்டீம் டைரக்ட் எண்டு ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டணம். எங்கட காசுக்கு 30,000 ரூபாக்குக் கிட்ட வரும், படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய காசுதான். கேம் 1,000 டொலருக்கு வித்தா அந்த 100ஐத் திருப்பித் தருவாங்க. காசு கட்டி 30 நாள் போனாத்தான் ரிலீஸ் பண்ணலாம், 'விரைவில் வரும்' பேஜும் ரெண்டு கிழமையாவது நிக்கணும், ஆனா பப்ளிஷர் தேடுறாக்கள் மாசக்கணக்கா அந்தப் பேஜ வச்சிருக்கத்தானே போறம், அதால அது பிரச்சின இல்ல.

உவர்மலையில நாங்க மூண்டு பேர் சேந்து ஹாபருக்குள்ள ஓடுற போட்ட வச்சு ஒரு சின்ன கேம் செய்றம். மெயிலுக்குப் பதில் போட்ட பப்ளிஷர்மார் முதல்ல கேட்டது ஸ்டீம் லிங்க்தான். பிட்ச் டெக்ல, அதாவது கேமப் பத்திச் சொல்லி அனுப்புற ஸ்லைட்ல, நாங்க எவ்வளவு வடிவா எழுதினாலும் அது எங்கட வாய்ப்பேச்சு, விஷ்லிஸ்ட் எண்டுறது முன்னப்பின்ன தெரியாத ஆக்கள் 'இத வாங்கணும்' எண்டு தாங்களாக் குறிச்சு வச்ச கணக்கு. அந்த எண்ணிக்கை வெளியில தெரியாது, ஃபாலோவர்ஸ மட்டும்தான் மற்றாக்கள் பாக்கலாம், அதால ஸ்டீம்வர்க்ஸ்ல வாற விஷ்லிஸ்ட் கிராஃப ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலோட வச்சு அனுப்புங்க. கிராஃப் எங்க எழும்பியிருக்கு, அண்டைக்கு என்ன போட்டீங்க எண்டும் ரெண்டு வரி எழுதுங்க.

பேஜில கூட மினக்கெட வேண்டியது கப்சூல் படத்திலதான், அதாவது ஸ்டீம்ல கேமின்ட பேரோட வாற அட்டைப் படம். லிஸ்ட்ல வரேக்க அது விரல் நீளம்கூட இருக்காது. எங்கடயில கடல் நீலம், வானம் நீலம், போட்டும் நீலமா இருந்தது, படம் கீறுற தங்கச்சி போட்டுக்குச் செம்மஞ்சள் அடிச்சு பேர மேல தூக்கி வச்சா, இப்ப ஃபோன்ல பாத்தாலும் டக்கெண்டு கண்ணில படுது.

அடுத்தது நெக்ஸ்ட் ஃபெஸ்ட், வரப்போற கேம்கள்ட டெமோவ ஸ்டீம் ஒரு கிழமை காட்டுற விழா. ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர்ல வரும், டெமோ இருக்கணும், ஒரு கேமுக்கு ஒரே ஒரு தரம்தான் இடம். பப்ளிஷர்ட ஆக்களும் அந்தக் கிழமையில புதுக் கேம் தேடுவாங்க எண்டதுக்காக அரைவாசி டெமோவோட ஓடிப்போய் அந்த ஒரு வாய்ப்ப முடிச்சுப்போடாதீங்க, ஏனெண்டா பிறகு வாற பப்ளிஷருக்கு அத வச்சு செய்ய ஒண்டும் மிஞ்சாது. முதல்ல இட்ச்.ஐஓ எண்ட கேம் சைட்ல பாஸ்வேர்ட் போட்டு பில்ட, அதாவது விளையாடக்கூடிய பதிப்ப, ஏத்தி, அந்த லிங்க பப்ளிஷருக்கு அனுப்பலாம், அதுக்குச் சதமும் செலவில்ல.

குறை எண்டா விக்கிற காசில ஸ்டீம் எடுக்கிற 30 வீதக் கழிவு. கழிவு குறையிறதே 1 கோடி டொலர் வித்த பிறகுதான், எங்களப்போல சின்ன ஆக்களுக்கு அது எட்டாத உயரம். பப்ளிஷர் வந்தாலும் அந்த 30 வீதம் முதல்ல போயிடும். கணக்குப் பாருங்க, பப்ளிஷர் 20,000 டொலர் தாறார், கேம் 60,000க்கு விக்குது. ஸ்டீமுக்கு 18,000 போக மிச்சம் 42,000, அதில பப்ளிஷர் தான் போட்ட 20,000ஐ எடுப்பார், மிஞ்சுற 22,000ஐ சரிபாதியாப் பிரிச்சா எங்களுக்கு 11,000. இதுக்குள்ள வரி, ரிஃபண்ட் ஒண்டும் சேக்கேல்ல. விளம்பரச் செலவையும் முதல்ல கழிப்பாங்களா, அதுக்கு உச்சவரம்பு இருக்கா எண்டு கையெழுத்து வைக்க முதல் கட்டாயம் கேளுங்க. சுவீடன்ல இருக்கிற ரோ ஃபியூரி எண்ட பப்ளிஷர் 2021ல தங்கட ஒப்பந்தத்தையே எல்லாரும் பாக்க வெளியில விட்டாங்க, அத எடுத்துப் பக்கத்தில வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. எங்களிட்ட ஒரு இடத்தில கேமின்ட முழு உரிமையையும் கேட்டாங்க, நாங்க மாட்டம் எண்டுட்டம். வெளியிட்டுத் தாறதுக்கு உங்களிட்டயே காசு கேக்கிறவர் பப்ளிஷரே இல்ல.

ஸ்டீம்ல இருந்து காசு வாறது நேரா பேங்குக்கு, 100 டொலர் சேந்தாத்தான் அனுப்புவாங்க. இலங்கையில பேபால்ல காசு எடுக்கேலாது எண்டு அலையிற எங்களுக்கு இது பெரிய ஆறுதல். வரி ஃபோம் நிரப்பேக்க பேங்க் புத்தகத்தில இருக்கிற பேரையும் ஐடி பேரையும் எழுத்துக்கு எழுத்துப் பாத்துப் போடுங்க, அவசரப்படாதீங்க.

மொபைல் கேம் மட்டும் செய்றாக்கள் இதில காசு போடத் தேவையில்ல, அவங்களுக்கு பிளே ஸ்டோர்ல ஒருக்கா கட்டுற 25 டொலர் காணும். பிசி கேம் செய்றாக்கள், ஒரு நிமிச ட்ரெய்லரும் விளையாடக்கூடிய ஒரு லெவலும் கையில வந்த உடன பேஜப் போடுங்க.