மடக்குக் கத்தியும் பலாப்பிசினும்

என் பையில் மூன்று கத்திகள் மாறி மாறி மலையேறியிருக்கின்றன. ஒன்று எஸ்30வி எஃகில் செய்த விலையுயர்ந்த மடக்குக் கத்தி. இன்னொன்று பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் எண், அதுவும் மடக்குக் கத்திதான். மூன்றாவது ஸ்வீடனின் மோரா கம்பேனியன். மடங்காது, பிளாஸ்டிக் உறையோடு வரும். முதல் கத்தியின் விலைக்கு ஆறேழு மோரா வாங்கலாம். இப்போது மலைக்கு என்னோடு வருவது மோராதான்.

கூர்மையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, மூன்றுமே தக்காளியை நசுக்காமல் நறுக்கும். எடையில் மடக்குக் கத்திகளே மேல்: ஒப்பினெல் 50 கிராமைத் தொடாது, மோரா உறையோடு 100ஐத் தாண்டும். விறகு பிளக்க மடங்காத கத்திதான் வேண்டும் என்பார்கள். உண்மைதான், மடக்குக் கத்தியின் மூட்டு அந்த அடியைத் தாங்காது. ஆனால் நம் காடுகளில் தீ மூட்டவே விடமாட்டார்கள். தோட்டத்தில் தங்கினாலோ அங்கே அரிவாள் இருக்கும். அதன் முன்னால் இந்த மூன்றும் பொம்மைகள்.

என்னை மனம் மாற வைத்தது கழுவுகிற வேலை. கொல்லிமலையில் நண்பரின் தோட்டத்தில் பலாப்பழம் அறுத்தோம். கைக்கு எண்ணெய் தடவிய நான் அந்த எஸ்30வி கத்திக்குத் தடவ மறந்துவிட்டேன். சடையை ஒதுக்கிச் சுளை எடுத்து முடிப்பதற்குள் பிசின் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் விரித்தால் அலகு பாதியில் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றி ஆட்டி ஆட்டி ஒருவழியாக இளக்கினேன். அப்புறம் அந்த எண்ணெயில் மண் ஒட்டி, திறக்கும்போதெல்லாம் நறநறவென்றது. சரியாகக் கழுவ நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்ற வேண்டும்; அதற்கான குட்டித் திருப்புளி வீட்டில் கிடந்தது. மோராவுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, கொஞ்சம் சோப்பு, முடிந்தது. பிசின் ஒளிந்துகொள்ள மூட்டே கிடையாதே.

தீட்டுவதிலும் இதே கதை. எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. அதனால்தான் கூர் நெடுநாள் நிற்கிறது. மழுங்கிவிட்டால் வைரத் தகடு தேடவேண்டியிருப்பதும் அதனால்தான். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமே என்றால், எனக்குத் துணிச்சல் வரவில்லை. தண்ணீர் படாத சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்தால் விளிம்பு சூடேறிப் பதம் போய்விடும். மோராவைப் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் பத்து இழுப்பு இழுத்தாலே போதும், அன்றைய வேலை ஓடும்.

ஒப்பினெல்லைக் குறை சொல்ல மனம் வராது. அதன் மெல்லிய அலகு பழம் நறுக்க மூன்றிலும் அருமை. விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும், 1955இல் வந்த வளையப் பூட்டும் எளிமையானது. ஆனால் பிடி பீச் (beech) மரம். மழையில் ஊறி உப்பினால் அலகு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிடியின் அடியைக் கல்லில் தட்டி அலகை வெளியே வரவைப்பது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வித்தை. கோடையில் சரி, ஐப்பசி மழையில் யார் தட்டிக்கொண்டிருப்பது?

கடற்கரைக்கு மோராவை ஒரே ஒரு தடவைதான் கொண்டுபோயிருக்கிறேன், அதுவும் துருப்பிடிக்காத ரகம். மீன் பிடிப்பவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையுயர்ந்ததை விற்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்தபடி பார்சல் பிரிக்கிறது. மூட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.