பெடலை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றி ஒரு படம் எடுத்துவிடுங்கள்

கையால் செய்த ஃபஸ் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற, காலால் அமுக்கும் சின்னப் பெட்டி) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் 2,800 ரூபாயும் கொடுத்து, பெடலின் உயிரையும் கொடுத்துவிட்டு வந்தேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் வாசிப்பது நாய்ஸ். ராகம், தாளம் எதுவும் கிடையாது. ஜப்பானில் மசாமி அகிதா 1979 முதல் மெர்ஸ்பௌ என்ற பெயரில் செய்துவருகிறாரே, அந்த வகை. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மிக்ஸி. கிட்டாரை ஆம்ப்ளிஃபையருக்கு எதிரே சாய்த்துவைத்து ஊளையிட விடுவேன். அது ஃபஸ், மெட்டல் ஸோன், டிலே என்று பெடல் பெடலாக வரிசையாகப் போய்ச் சின்ன மிக்ஸரில் இறங்கும். சில நாள் கிட்டாரையே கழற்றிவிட்டு, மிக்ஸரின் ஆக்ஸ் என்கிற கூடுதல் அவுட்புட்டிலிருந்து ஒரு வயரை எடுத்து ஃபஸ் பெடலின் வாயிலேயே ஊட்டுவேன். தன் சத்தத்தைத் தானே தின்று கொழுத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வரும். மழையில் நனைந்த ஆட்டோ ஸ்டார்ட் ஆக மறுக்கிற மாதிரி, விட்டுவிட்டு.

அந்த உறுமலுக்குக் காரணம் இரண்டு ஏசி128 டிரான்சிஸ்டர்கள். சிலிக்கானுக்கு முன்னால் வந்த ஜெர்மானியம் வகை. தாத்தாவின் செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து பிடுங்கியவை. லண்டனில் 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் சர்க்யூட்டைப் பார்த்து நண்பன் ஒருவன் செய்து தந்தான். மொத்தமே இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர்தான். ஜெர்மானியம் சூட்டுக்கு ஆகாது. மே மாத மதியத்தில் பெடல் திக்கும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் தெளியும். அடிமூடியைக் கழற்றிவிட்டு, டிரான்சிஸ்டரின் குட்டி உலோகத் தொப்பியில் விரலை வைத்தால் விரல் சூட்டுக்கே சத்தம் மெல்லச் சரியும். அதையும் ஒரு வாத்தியம் மாதிரிதான் பயன்படுத்தி வந்தேன்.

பெடலில் கோளாறு ஒன்றுதான். அவுட்புட் ஜாக் ஆடியது. வயரை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. சர்ச் கீபோர்டு, ஆர்கெஸ்ட்ரா மைக் செட் எல்லாம் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கைராசிக்காரர் என்று பேர். "ஜாக் மட்டும் பாருங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னேன். நாலு நாள் கழித்துப் போனால் பெருமையாக எடுத்து நீட்டினார்.

"உள்ள நெறைய கம்ப்ளெயிண்ட் தம்பி. கொர்ருனு ஒரே இரைச்சல். எல்லாம் கிளீன் பண்ணிட்டேன். பேட்டரி வயரே தலைகீழா இருந்துச்சு, அதையும் மாத்திட்டேன்."

நாய்ஸ் வாசிக்கிறவனிடம் இரைச்சலை எடுத்துவிட்டதாகச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தேன். அங்கேயே ஒரு ஆம்பில் செருகிப் பார்த்திருக்க வேண்டும். பேட்டரி வயர் என்றபோதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் உறுமல் வரவில்லை. மெல்லிசாக ஒரு விசில், குக்கர் அடிக்க ஆரம்பிக்கும் முன் வருமே, அது. இரண்டு நாள் வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், என் காதையே சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் மூடியைக் கழற்றி, பழக்கத்தில் விரலைக் கொண்டுபோனேன். தொப்பி இல்லை. அந்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக், அரைவட்டமாக. பிசி547. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாதாரண சிலிக்கான். அவுட்புட்டில் கூடுதலாக ஒரு கெபாசிட்டர் வேறு, "இரைச்சலை" அடக்க.

தெரியாமல் செய்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஏசி128 என்பது பிஎன்பி வகை; பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் சேரும்படிதான் அந்தப் பெடலைச் செய்திருந்தோம். அது தலைகீழ் அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். பிசி547 என்பிஎன், மின்சாரம் நேர் எதிர்த் திசையில் ஓடும் வகை. அதைப் போட்டால் பேட்டரியைத் திருப்ப வேண்டும், திசை பார்த்து வைக்கிற கெபாசிட்டர்களையும் கழற்றித் திருப்பி ஈயம் வைக்க வேண்டும். திருப்பியிருந்தார், சுத்தமாக, ஒன்றுவிடாமல். இவ்வளவு தெரிந்தவருக்கு உலோகத் தொப்பிக்குள் இருப்பது என்ன என்று தெரியாதா?

திரும்பப் போய்க் கேட்டேன்.

"அது செத்துப்போச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டேன்."

"ரெண்டுமாண்ணே?"

"பழசு தம்பி. இப்ப யாரு அதெல்லாம் போடுறா?"

அவர் மேசையில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்று திறந்து கிடந்தது. அதில் உலோகத் தொப்பிகள் ஏழெட்டு. என்னுடையவை அதில் இருந்தனவா? எனக்குத் தெரிந்து இருந்தன. ஆனால் எந்த இரண்டு என்று எப்படிக் காட்டுவது? ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை. பில்லில் "பெடல் சர்வீஸ்" என்று இரண்டே வார்த்தை. கொஞ்சம் குரலை உயர்த்தியதும் 800 ரூபாயைத் திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டேன், வாங்கியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது.

கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் எழுத்துகள் தெரிகிற மாதிரி கிட்டத்தில் படம் எடுங்கள், அதைக் கடைக்காரருக்கும் அங்கேயே அனுப்புங்கள். அனுப்பியது தெரிந்தாலே பாதிக் கைகள் அடங்கும். என்ன வேலை, கழற்றுகிற பழைய பாகம் திரும்ப வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெடல் போடுகிற சத்தத்தை ஃபோனில் பதிந்து காட்டி, "இந்த இரைச்சல் வேணும்ணே" என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பெடல் திரும்பி வந்ததும் தொப்பி இருக்கிறது என்று அத்தோடு விடவும் வேண்டாம், உலோகத் தொப்பியில் சிலிக்கானும் வருகிறது. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, போர்டிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கும் இடையே பாருங்கள். ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட் காட்டும். 0.6க்கு மேல் போனால் சிலிக்கான்.

இணையத்தில் ஒரு ஜோடி ஏசி128 வாங்கிப் போட்டுவிட்டேன். உறுமுகிறது, ஆனால் வேறு யாருடைய தொண்டையோ மாதிரி. தாத்தா ரேடியோவின் பெட்டி இன்னும் அலமாரி மேல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

ஆமாம், அந்த ஜாக். அவர் அதைத் தொடவே இல்லை. நட்டை ஸ்பேனரால் இறுக்கி, உள்ளே இருக்கும் தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை.