ஊர் ஊராகத் தேடுவதா, சீட்டெடுத்து நடப்பதா?

தொல்லியல் கள ஆய்வில் நிலம் எப்போதும் அதிகம், நடக்க ஆட்கள் எப்போதும் குறைவு. எங்கே நடப்பது என்று முடிவுசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது நம் பக்கம் நன்றாகப் பழகிய வழி. ஊர் ஊராகப் போய், "கிணறு வெட்டும்போது தாழி கிடைத்ததா? பழைய ஓடு கிடக்கிற மேடு ஏதும் உண்டா?" என்று பெரியவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்டு, அங்கே போய்ப் பார்ப்பது. இப்படித் தேடுவதற்கு என்ன பலன் என்பதற்கு வைகையே சாட்சி. இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் அதன் இரு கரைகளிலும் ஆய்வு செய்து 293 இடங்களை அடையாளம் கண்டது. அவற்றிலிருந்து கீழடி தேர்வாகி, 2015இல் அகழாய்வு தொடங்கியது.

இரண்டாவது வழி, வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எண் கொடுத்து, சீட்டெடுப்பதுபோல் சில கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே சம இடைவெளியில் ஆட்களை நிறுத்தி நடக்கவைப்பது. புள்ளியியலில் இதைச் சமவாய்ப்பு மாதிரி என்பார்கள். ஒன்றும் கிடைக்காத கட்டமும் பதிவாகும். இந்த வழியின் உண்மையான பலம் அதுதான்.

கீழடி மேடு சுமார் 110 ஏக்கர். வட்டமாக எண்ணிக்கொண்டால் விட்டம் ஏறக்குறைய 750 மீட்டர். 500 மீட்டருக்கு ஒரு கோடாக நடந்தாலே ஒரு கோடாவது அதைக் கடந்தே தீரும். ஆனால் 30 மீட்டர் அகலத்தில் நுண்கற்கருவிகள் சிதறிக் கிடக்கும் இடத்தை அதே நடையில் கடக்கும் வாய்ப்பு 30/500, அதாவது 6 சதவீதம்தான். இடைவெளியை 30 மீட்டராகக் குறைத்தால் தப்பாது. ஆனால் நடை பதினாறு மடங்குக்கும் மேல் கூடிவிடும். சரி, ஊரில் கேட்டால் கிடைக்குமா? தாழியை ஊர் அறியும். கூழாங்கல்லோடு கலந்து கிடக்கும் விரல்நகம் அளவுக் கருவியைப் பெரும்பாலும் அறியாது.

மாதிரி முறைமேல் பலமான குற்றச்சாட்டு மெக்சிகோவிலிருந்து வந்தது. மெக்சிகோ வடிநிலம் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். அதில் தியோத்திவாக்கான் என்ற பழங்கால நகரம் ஏறக்குறைய 20. மாதிரியில் அந்த நகரமே விடுபட்டால், அந்த வட்டாரத்தின் வரலாறு என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். ஆனால் கட்டத்தின் அளவைப் பொறுத்து விடை மாறும். பத்தில் ஒரு பங்கு நிலத்தை 1 சதுர கிலோமீட்டர் கட்டங்களாக எடுத்தால், 20 கட்டங்களில் பரவிய நகரத்தில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 88 சதவீதம். அதே பங்கை 20 சதுர கிலோமீட்டர் கட்டங்களாக எடுத்து, நகரம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், வாய்ப்பு வெறும் 10. நடக்கும் நிலத்தின் பரப்பு இரண்டிலும் ஒன்றே. அதனால், எத்தனை சதவீதம் பார்த்தோம் என்று மட்டும் சொல்லும் அறிக்கை எனக்குப் போதாது.

அப்புறம், "இங்கே இல்லை" என்று சொல்ல வேண்டிய நேரம். இலங்கையின் பழைய தலைநகரான அனுராதபுரத்தைச் சுற்றி 50 கிலோமீட்டர் ஆரத்தில் தொல்லியலாளர்கள் ராபின் கானிங்காம், பிரிசாந்த குணவர்தன குழுவினர் செய்த ஆய்வில் சமவாய்ப்புக் கோடுகளும் இருந்தன, மல்வத்து ஓயா ஆற்றின் கரையோரம் தேடி நடந்ததும் இருந்தது. தலைநகருக்கு வெளியே சிறு நகரங்கள் இல்லை, அவற்றின் வேலையைப் பௌத்த மடாலயங்கள் பார்த்தன என்பது அவர்கள் வாதம். கேட்டுத் தேடிய பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு வாதத்தை நிறுத்த முடியாது. தேடாத இடமும் இல்லாத இடமும் அதில் ஒன்றுபோலத் தெரியும்.

எதை அகழ்வது என்று தேர்ந்தெடுக்கத்தான் ஆய்வு என்றால், ஊர் ஊராகத் தேடுவதையே நான் தயங்காமல் சொல்வேன். குடியிருப்புகளின் அடர்த்தியைக் கணக்கிட வேண்டுமென்றால் மாதிரிதான். இரண்டையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பதிவேடுகள் தனித்தனியாக இருக்கட்டும். ஊரார் காட்டிய மேட்டை மாதிரிக் கணக்கில் சேர்த்தால் அடர்த்தி பொய்யாக ஏறும். கட்டத்துக்குக் கட்டம் நிலம் எப்படி இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும்: நெல் நிற்கும் வயலில் கிடைக்காத ஓடு, அறுவடைக்குப் பின் உழுத அதே வயலில் கிடைக்கலாம்.